இறங்கும் வழி

தண்ணீர் இறங்கியது. ஆனால் போய்ச் சேரவில்லை.

தையற்காரி டம்ளரைப் பிடித்தபடி மருத்துவமனைக் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாக்கில் பட்ட குளிர்ச்சி தொண்டையைத் தாண்டி, நெஞ்செலும்புக்குப் பின்னால் வழுக்கி, வயிறு இருக்க வேண்டிய இடத்தையும் கடந்து, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் தன் உடம்புக்குள் ஏது என்று அவளுக்குப் புரியவில்லை.

“இறங்குதா?” என்றார் டாக்டர்.

“இறங்குது டாக்டர். ஆனா எங்கேயும் நிக்கலை.”

டாக்டர் சிரித்துவிட்டார். “நிக்கக் கூடாதுன்னுதானேம்மா இவ்வளவு பாடும்!”

அவர் சொன்னதும் சரிதான். பல வருடங்களாக அவளுக்குச் சாப்பாடு என்பது சண்டை. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை, விழுங்கும்போது தளர்ந்து வழிவிட வேண்டியது, அவளுக்கு மட்டும் இறுகிக்கொண்டு நின்றது. ஒரு வாய் சோறு நெஞ்சுக்குள் கல்லாக உட்கார்ந்துவிடும். தண்ணீர் குடிப்பாள், எழுந்து நடப்பாள், மார்பைக் குத்திக்கொள்வாள். கடைசியில் வந்த வழியே வெளியே வரும். மத்தியானம் சாப்பிட்டது, படுத்தால் தலையணையில் கிடக்கும்.

அவள் இருந்தது அண்ணன் வீட்டில். அண்ணனுக்கு வாரக்கணக்கில் லாரியில்தான் வாசம். வீட்டில் அண்ணியும் அவளும்தான். தலையணை உறைகளைத் துவைத்துத் துவைத்து அண்ணியின் கையும் தேய்ந்தது, மனசும் தேய்ந்தது. “நான் ஆக்கிப் போட்டா மட்டும் இவளுக்குத் தொண்டையில நிக்குது. எல்லாம் நடிப்பு,” என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சோறுதான் இறங்கவில்லையே தவிர, வார்த்தைகளை விழுங்கத் தையற்காரிக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

ஒருவழியாக அண்ணன் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தான். மயக்கம் கொடுத்து, நுனியில் கேமரா வைத்த குழாயை வாய் வழியே விட்டு, உணவுக்குழாயின் உள்தோலைக் கீறி, அதற்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் போலக் குடைந்து போய், இறுகிக் கிடந்த தசையை அறுத்துவிட்டார்கள். கீறிய இடத்தைக் கிளிப் போட்டு மூடினார்கள். வெளியே ஒரு தழும்புகூட இல்லை. சாய பானம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தபோதும் கசிவு எதுவும் இல்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து முதலில் சூப், பிறகு குழைந்த சோறு. தட்டு காலியானது. வயிறு நிறையவில்லை. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டை அண்ணி மேசையில் வைத்த வேகத்தில் சோறு சிதறியது. “இத்தனை வருஷம் நடிச்சதுக்கும் சேர்த்து வச்சு வாரிக் கொட்டிக்கிறா.”

அவளுக்குப் பசியே இல்லை. அதைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடினாலும், தொண்டை தானாகவே விழுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல உதட்டிடுக்கில் குண்டூசிகள். மெஷினின் சடசடப்பு நின்ற ஒரு கணத்தில் ஊசிகள் அசைந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பி, நாக்கின்மேல் படுத்து, உள்ளே போயின. அவள் விழுங்கவில்லை. சத்தியமாக விழுங்கவில்லை.

வலிக்கவும் இல்லை.

அண்ணி திட்டிக்கொண்டே கூட்டிப் போனாள். டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஊசி எதுவும் இல்லையே. நிஜமாவே முழுங்கினீங்களா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “காலையில எதுவும் சாப்பிடலையா?” என்றார்.

“நிறையச் சாப்பிட்டேன் டாக்டர்.”

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். அதை உறைக்குள் போட்டார். அதற்குப் பிறகு அவள் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலத்திலேயே அறைக்குள் வெளிச்சம் செத்துப்போயிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் ஈரத் துணியும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியில் வேறொரு வாடை, பல காலம் திறக்காத அறையைத் திறந்ததுபோல, வந்துகொண்டிருந்தது. அவள் மூச்சை அடக்கினாள். வாடை நின்றது. மூச்சை விட்டாள். வந்தது.

பிறகு அந்தச் சத்தம். மடக். மடக். யாரோ நிதானமாகக் குடிப்பதுபோல. தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். தொண்டை அசையவில்லை. சத்தம் அதற்கு வெகு கீழே இருந்து வந்தது.

வாயில் எச்சில் வற்றியது. நாக்கு பின்னால் இழுபட்டது. பல்லால் கடித்துப் பிடித்தாள். ஒரு துணியை எடுத்து வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அண்ணி கிண்ணத்தோடு வந்தாள். “இது என்னடி புது நாடகம்?”

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். அண்ணி துணியைப் பிடித்து இழுத்துவிட்டு, கரண்டிச் சோற்றை உதட்டில் அழுத்தினாள். “திற.”

வாய் திறந்துகொண்டது.

கரண்டி அண்ணியின் கையிலிருந்து நழுவி உள்ளே போனது. காம்பு வரைக்கும். முழுசாக.

அண்ணி வெறும் கையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். அண்ணியின் முகத்திலிருந்து அத்தனை வருடக் கசப்பும் ஒரே நொடியில் உதிர்ந்தது. “ஐயோ... நெஜமாத்தான் சொன்னியா? நான்தான் பாவி, நம்பலையே!” கிண்ணத்தைப் போட்டுவிட்டு அவளுடைய தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “பயப்படாதே. நான் எடுத்துடறேன். ஆடாம இரு.”

அந்த வார்த்தைக்காகத்தான் அவள் ஏங்கியிருந்தாள். இப்போது வேண்டாம் என்று கத்த நினைத்தாள். நாக்கு இல்லை, அது எங்கோ பின்னால் மடங்கிக் கிடந்தது.

அண்ணியின் இரண்டு விரல்கள் உள்ளே வந்தன.

மடக்.

விரல் முட்டிகள். உள்ளங்கை. மணிக்கட்டு. வளையல்கள் பல்லில் மோதி உடைந்து, ஒவ்வொன்றாக உள்ளே. அவள் இரண்டு கையாலும் அண்ணியின் தோளைத் தள்ளினாள். சுவரில் காலை உதைத்தாள். தாடை தானாக விரிந்தது. இன்னும் விரிந்தது.

அண்ணி அலறவில்லை. முழங்கை அவள் உதட்டைத் தொட்டபோது, இருவர் முகமும் அவ்வளவு நெருக்கத்தில் இருந்தபோது, மிக மெல்லச் சொன்னாள்.

“உள்ளே... யாரோ என் கையைப் பிடிச்சிருக்காங்கடி.”

பிடி இறுகுவதை அவளும் உணர்ந்தாள். தோள் வந்துகொண்டிருந்தது.