வைப்பர் போடாத வண்டி

மழை பெய்துகொண்டிருந்தது. அவருடைய டாக்ஸிக்குப் பின்னால் வந்த சாம்பல் நிறக் கார் மட்டும் வைப்பர் போடவில்லை.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வைப்பர் மோட்டார் போயிருக்கும், யாருக்குத்தான் போகவில்லை. ஆனால் வைப்பர் இல்லாதவன் மழையில் மெதுவாகப் போவான், தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்ப்பான், கடைசியில் சலித்துப்போய் ஓரம் கட்டுவான். இந்த வண்டி எண்பதில் வந்தது. முன்கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிய, அவர் தடம் மாறினால் தானும் மாறியது, அவர் பிரேக்கில் கால் வைத்தால் தானும் பதுங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு தலை கலங்கலாகத் தெரிந்தது.

அவர் இருபத்திரண்டு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறவர். ஓட்டுநர்கள் வட்டாரத்தில் அவருக்கு 'ராடார்' என்று பெயர். காரணம், பட்டை கிடையாது, மேலே விளக்கு கிடையாது, எவனோ தவணையில் வாங்கிய குடும்பக் கார் மாதிரி வந்து கழுத்தைப் பிடிக்கும் சாதா வேஷப் போலீஸ் வண்டியை அவர் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே சொல்லிவிடுவார். விளக்கு வைத்த வண்டியைப் பார்த்தால் ஓட்டுநருக்குப் பயம் வரும். விளக்கில்லாத வண்டியை நினைத்தால் கோபம்தான் வரும். பிடிப்பதென்றால் உடுப்பைப் போட்டுக்கொண்டு நேருக்கு நேர் வந்து பிடி, மாறுவேடம் கட்ட இதென்ன நாடகக் கம்பெனியா என்பது அவர்களின் ஒருமித்த கருத்து. இதில் கொடுமை என்னவென்றால், சீட் பெல்ட் போட்டு, வேகம் அளந்து, ஒரு தப்பும் செய்யாமல் போகிறவனுக்கும் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார் வந்தால் கால் தானாகவே பிரேக்கைத் தேடும்.

அதற்காகத்தான் அந்த வாட்ஸ்அப் குரூப். நாற்பது ஓட்டுநர்கள். அதில் போலீஸ் என்று யாரும் எழுதுவதில்லை, 'மாமா' என்றுதான் எழுதுவார்கள். "பாலத்துக்குக் கீழ மாமா" என்று ஒரு வரி வந்தால் போதும், நாற்பது வலது கால்களும் ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்துவிடும். வீட்டில் மட்டும் மாமா என்றால் ஒரே ஒருவர்தான். அவருடைய மனைவியின் தம்பி, மகளுக்குத் தாய்மாமா, ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். டாக்ஸியில் முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டப் பழகிய மூன்று மாதத்தில் மகளும் அந்தக் குரூப் பாஷையைக் கற்றுக்கொண்டு, "இன்னைக்கு எந்த மாமாவப்பா பாத்தீங்க, தொப்பி போட்டவரா, கிரீஸ் பூசினவரா?" என்று கேலி செய்வாள்.

அன்று மழையில் வண்டியை ஓரம் கட்டி, சாம்பல் கார் தன்னைத் தாண்டிப் போனபின், அவர் குரூப்பில் குரல் செய்தியாகப் பேசிப் போட்டார்.

"தம்பிங்களா, பைபாஸ்ல ஒரு சாம்பல் வண்டி சுத்துது. ஆனா மாமா இல்ல. மாமான்னா முன்னாடி ரெண்டு பேரு இருப்பாங்க, இதுல ஒருத்தன்தான். மழையில வைப்பர் கூட போடத் தெரியல அவனுக்கு."

சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன.

மறுநாள் நல்ல வெயில். தார் உருகும் வாசனை கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்தது. ரொட்டித் தொழிற்சாலை வளைவில் அந்தச் சாம்பல் கார் மறுபடி பின்னால் வந்து சேர்ந்தது. அதன் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் உரசும் சத்தம், கரகரவென்று, இரண்டு வண்டித் தூரத்திலிருந்து, ஏற்றிய கண்ணாடியையும் தாண்டி அவருக்குக் கேட்டது. முன் சீட்டில் இன்று இரண்டு தலைகள். இரண்டும் இடது பக்கமாக, ஒரே அளவு, சற்றே சாய்ந்திருந்தன. சிக்னலில் நின்ற மூன்று நிமிடமும் ஒன்றோடொன்று பேசவில்லை, திரும்பவில்லை, மூக்கைக்கூடச் சொறியவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. எவனோ விளையாடுகிறான், குரூப்பில் இருக்கும் எவனோ. மறுபடி பேசிப் போட்டார். "ஆள் சேத்துட்டாண்டா. ஆனா ஆண்டெனா ஒண்ணுதான் இருக்கு. மாமா வண்டிக்கு ரெண்டு இருக்கும், அதையும் யாராவது சொல்லிக் குடுங்க அவனுக்கு."

மூன்றாம் நாள் இரண்டு ஆண்டெனா இருந்தது.

இரண்டும் கூரைமேல் பக்கத்தில் பக்கத்தில். வண்டி முன்னால் ஓட, காற்றில் ஒன்று பின்பக்கம் வளைந்திருந்தது. புதிதாக வந்தது முன்பக்கம் வளைந்திருந்தது. காற்றுக்கு எதிராக. அவர் பார்க்கப் பார்க்க, அது மெல்ல மற்றதைத் தடவிப் பார்த்து, பிறகு அதைப் போலவே பின்னால் சாய்ந்துகொண்டது.

அன்று அவர் குரூப்பில் எதுவும் போடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஐம்பதை நெருங்குகிறவன், ஆண்டெனா தானாக வளைந்தது என்று எந்த வாயால் சொல்வது? பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, காலைச் சாப்பாட்டு நேரம். மகளுக்கு லைசென்ஸ் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. பைபாஸ் தாண்டி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார், அன்றுதான் முதல் முறையாகத் தனியாக ஓட்டிப் போகிறாள். மஞ்சள் கிளிப்பைத் தலையில் குத்திக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, விளக்கே இல்லாத மாமா வண்டி நிறுத்தச் சொன்னா, நெஜம்தான்னு எப்படித் தெரியும்?"

தெரிந்த பாடம். யோசிக்காமல் வாய் ஒப்பித்தது. "முன்னாடி கிரில்லுக்குள்ள நீல லைட் மின்னும்மா. அது மின்னுச்சுன்னா நெஜம். ஓடக்கூடாது. இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டு. இன்ஜின ஆஃப் பண்ணி சாவிய டேஷ்போர்டு மேல வை. கண்ணாடிய பாதி இறக்கு. கை ரெண்டும் ஸ்டீயரிங் மேல. பெல்ட்ட மட்டும் கழட்டாத, அவங்க வர்ற வரைக்கும்."

சொல்லி முடித்தபோதுதான் ஜன்னல் திறந்திருப்பதைக் கவனித்தார். எதிர்ப்பக்கம், மரத்தடியில், சாம்பல் நிறக் கார். அதன் பின்கதவுக் கண்ணாடி நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. உள்ளே இருட்டு. காலை எட்டு மணி வெயிலில் அவ்வளவு இருட்டு எங்கிருந்து வரும்?

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "என்னப்பா?" என்றாள். "ஒண்ணுமில்ல, தூசி" என்றார். இன்று போகாதே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. காரணம் கேட்டால்? அவள் ஏற்கெனவே சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு வாசலில் நின்றாள், முகமெல்லாம் வெளிச்சம். அவள் கார் தெருமுனை திரும்பும் வரை சாம்பல் வண்டி அசையவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், சாயங்காலம் ஆறு மணிக்கு பாப்பா வேலை முடிஞ்சு கிளம்புவா. உன் வேன எடுத்துக்கிட்டு வீடு வரைக்கும் அவ பின்னாடியே வா. அவளுக்குத் தெரிய வேணாம், நான் என்ன கொழந்தையான்னு குதிப்பா."

"மாமன் எதுக்கு இருக்கேன்? நீங்க கவலைய விடுங்க" என்றான் மச்சான்.

சாயங்காலம் மழை திரும்ப வந்தது. விமான நிலையச் சவாரி. பின் சீட்டுப் பயணி யாருடனோ சத்தமாகப் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஈர மிதியடியின் வாடையும் பயணியின் சென்ட்டும் கலந்து தலைவலியைக் கொடுத்தது. ஆறு இருபதுக்கு மகளிடமிருந்து செய்தி வந்தது.

'சிக்னல்ல நிக்கறேன். அப்பா, மாமா பின்னாடியே வராரு. லைட் அடிக்கறாரு. நிறுத்தவா?'

நெஞ்சில் காலையிலிருந்து கிடந்த கல் இறங்கியது. மச்சானாவது, மறைந்து வருவதாவது. கல்யாண ஊர்வலத்தில் போனாலும் ஹெட்லைட்டை அடித்துக்கொண்டே போகிற ஆள். குட்டு வெளிப்பட்டுவிட்டது, போகட்டும். பயணியின் சண்டைக்கு நடுவே, நான்தான் அனுப்பினேன் என்று காட்டிக்கொள்ளாமல், சுருக்கமாகப் பேசி அனுப்பினார்.

"நிறுத்தும்மா. பயப்படாத. கூப்பிட்டா எறங்கிப் போய் என்னன்னு கேளு."

'சரிப்பா.'

பயணியை இறக்கிவிட்டு, பெட்டிகளை எடுத்துக் கொடுத்து, ஒரு தேநீர்கூடக் குடித்தார். ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. மச்சான்.

"அத்தான், கோச்சுக்காதீங்க. வேன் ஸ்டார்ட்டே ஆகல. ஊர் வண்டியெல்லாம் ரிப்பேர் பண்றேன், என் வண்டி கழுத்தறுத்துடுச்சு. இப்பதான் சரியாச்சு. பாப்பா கிளம்பிட்டாளா, இல்ல அங்கயே இருக்கச் சொல்லவா?"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அத்தான்? லைன்ல இருக்கீங்களா?"

"நீ போகலையா?"

"அதத்தான சொல்றேன். ஒர்க் ஷாப்பத் தாண்டவே இல்ல."

செய்தியை மறுபடி திறந்து பார்த்தார். மாமா பின்னாடியே வராரு. மாமா. லைட் அடிக்கறாரு. அவள் வீட்டுப் பாஷையில் எழுதவில்லை. தொப்பி போட்டவரா, கிரீஸ் பூசினவரா என்று கேட்டுச் சிரித்த அவள் குரல் காதில் கேட்டது. அவர் கேட்காமல் விட்டுவிட்டார். இன்று ஒரே ஒரு நாள், அவர்தான் அவளிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

மகள் எண்ணுக்குப் போன் போட்டார். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. நூறு, நூற்றிருபது. வாழ்நாளில் முதல் முறையாக வழியில் ஒரு போலீஸ் வண்டி வராதா என்று தேடினார். விளக்கு வைத்தது, வைக்காதது, எதுவாவது. என்னைப் பிடியுங்கடா, துரத்திக்கொண்டு வாருங்கடா என்று வாய்விட்டுக் கத்தினார். குரூப்பில் போட்டார், "பைபாஸ்ல மாமா யாராவது நிக்கறாங்களா, அவசரம்." ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. இல்லண்ணே. இங்க இல்ல. இன்னைக்கு ரோடு சுத்தம்ண்ணே, பறங்க.

ரொட்டித் தொழிற்சாலை. வளைவு. மழை. வேகும் மாவின் வாசனை.

சிவப்புக் கார் நின்றிருந்தது.

ஓரமாக, ஒழுங்காக, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, சக்கரம் நேராக. இடது இண்டிகேட்டர் மின்னிக்கொண்டிருந்தது. அவர் தன் டாக்ஸியை அதற்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது. கதவுகள் நான்கும் சாத்தியிருந்தன. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. இன்ஜின் ஆஃப். சாவி டேஷ்போர்டு மேல். பக்கத்து சீட்டில் அவள் போன், திரையில் அவருடைய பதினோரு தவறிய அழைப்புகள்.

சொல்லிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

சீட் பெல்ட் போட்டபடியே இருந்தது. கொக்கி மாட்டியிருந்தது. பட்டை தோளிலிருந்து இடுப்புக்கு இறுக்கமாக, ஒருவர் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு முன்னால் தள்ளி நின்றது. உள்ளே யாரும் இல்லை.

கையை நீட்டி அந்தப் பட்டையைத் தொட்டார். சூடு இருந்தது.

டிக். டிக். டிக். இண்டிகேட்டர்.

ஈரமான சீட்டின் மேல் நீல வெளிச்சம் விழுந்தது. அணைந்தது. விழுந்தது.

திரும்பினார். அவருடைய டாக்ஸிக்குப் பின்னால் சாம்பல் நிறக் கார். எப்போது வந்தது? டயர் சத்தம் இல்லை, இன்ஜின் சத்தம் இல்லை. கிரில்லுக்குள் நீலம் மின்னியது. கொட்டும் மழையில் வைப்பர் ஓடவில்லை. இனி யாரையும் ஏமாற்றத் தேவையில்லை என்பது போல. முன் சீட்டில் இரண்டு தலைகள், இடது பக்கமாக, ஒரே அளவு சாய்ந்து.

"பாப்பா" என்றார்.

கையில் போன் அதிர்ந்தது. மகள் எண். அவள் போன் சிவப்புக் காருக்குள், பக்கத்து சீட்டில், திரை அணைந்து கிடந்தது. அதைப் பார்த்தார். பிறகு தன் கையில் வந்திருந்த செய்தியைப் பார்த்தார்.

'அப்பா, மாமா கூப்பிடறாரு. பயப்படாதீங்க. வந்து என்னன்னு கேளுங்க.'

சாம்பல் காரின் பின்கதவு நான்கு விரற்கடை திறந்தது. நீலம் மின்னியபோது உள்ளே மூன்றாவது தலை தெரிந்தது. மஞ்சள் கிளிப். நேராக, அவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

அணைந்தது. மின்னியது.

அந்தத் தலை மெல்ல, கற்றுக்கொள்வது போல, இடது பக்கமாகச் சாய்ந்தது.