கை மடித்த ஸ்வெட்டர்

தூதரகத்தின் அவசர உதவிப் பிரிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கத்துவார்கள், இல்லையென்றால் அழுவார்கள். அன்று காலை வந்த அம்மாள் இரண்டும் செய்யவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் போல ஒப்பித்தார்.

"பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தேன் சார். எவனோ பையைப் பிடுங்கிட்டு ஓடிட்டான். பாஸ்போர்ட், டிக்கெட், பணம் எல்லாம் அதுலதான். அடுத்த வாரம் பொண்ணுக்குத் தலைப்பிரசவம். எப்படியாவது ஊருக்கு அனுப்பி வச்சிடுங்க."

எதிரே இருந்த அதிகாரி நிதானமானவர். அலுவலகத்தில் அவருக்குத் 'துருவல்' என்று பட்டப்பெயர். தேங்காயை ஓடு தெரியும்வரை துருவுவது போல மனிதர்களைத் துருவிவிடுவார். பக்கத்தில் இருந்த பெண் மொழிபெயர்ப்பாளருக்கோ நாற்பது வயதாகியும் துப்பறியும் நாவல் கையில் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம்.

"ஊர்ல யாராவது பணம் அனுப்புவாங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"மருமகனுக்கு வேலை போயிடுச்சு சார். பிரசவச் செலவே கடன்லதான் ஓடுது."

"இங்க சொந்தக்காரங்க? ஏன் கேக்குறேன்னா, இங்கயோ அங்கயோ கைகொடுக்க ஒரு சொந்தம் இருந்தாலும் அரசாங்கம் பணம் தராது. யாருமே இல்லைன்னாத்தான் தரலாம்."

"யாரும் இல்ல சார்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளருக்குப் பொறுக்கவில்லை. "இந்த வயசுல இவங்களைத் தவிக்க விட்டிருக்கானே! அவன் கை அழுகிப் போக, நாசமாப் போக!"

அம்மாள் பதறி எழுந்துவிட்டார். "ஐயையோ, அப்படிச் சொல்லாதம்மா! அவனுக்கு என்ன கஷ்டமோ!"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அம்மாளுக்கு டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு நடைபாதைக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"போலீஸுக்குப் போன் போடவா சார்? பஸ் ஸ்டாண்டுல கேமரா இருக்கும்."

"அவங்க பையைப் பஸ் ஸ்டாண்டுல தொலைக்கல. காலைப் பாத்தீங்களா?"

"ரப்பர் செருப்பு."

"பாத்ரூமுக்குப் போடுறது. ஆம்பளை அளவு வேற. அதை மாட்டிக்கிட்டு யாராவது விமானம் ஏறுவாங்களா? அவங்க சொந்தச் செருப்பு இந்த ஊர்ல ஏதோ ஒரு வீட்டுல கிடக்கு."

மொழிபெயர்ப்பாளரின் கண் விரிந்தது. "ஸ்வெட்டரும் ஆம்பளை ஸ்வெட்டர்தான் சார்! கையை மடிச்சு விட்டிருக்காங்க."

"ரெண்டு கையும் ஒரே அளவா மடிச்சிருக்கு. தனக்குத் தானே மடிச்சுக்கிட்டா ஒரு கையாவது கோணலா வரும். யாரோ எதிர்ல நின்னு பொறுமையா மடிச்சு விட்டிருக்காங்க."

"அப்ப அந்த ஆள்தான் பையை எடுத்தானா?"

"நீங்க சாபம் விட்டீங்களே. பறிகொடுத்தவங்க நம்மளோட சேர்ந்து இன்னும் நாலு விடுவாங்க. திருடனைத் திட்டினா துடிக்கிற ஆள் உலகத்துல ஒருத்திதான்."

"பெத்தவ!" என்று கைதட்டப் போன மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்தினார். "சார், மகன் இங்க இருக்கான்னா இவங்களுக்குப் பணம் கிடையாதே?"

"கிடையாது" என்றார் அதிகாரி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. தன் மூளையின் மீதே அவருக்குக் கோபம் வந்தது.

உள்ளே போய் மெதுவாகக் கேட்டார். "பையை எடுத்தது உங்க மகன்தானேம்மா?"

அம்மாள் அப்போதுதான் அழுதார். "அவனைப் பாக்கத்தான் இந்த ஊருக்கு வந்தேன் சார். ரூமுக்குக் கூட்டிட்டுப் போனான். குளிருதுன்னு சொன்னேன், அவனோட ஸ்வெட்டரை மாட்டி விட்டான். கடைக்குப் போயிட்டு வரேன்னு பையை எடுத்துட்டுப் போனவன் திரும்பவே இல்ல. விடிஞ்சதும் கையில கிடைச்ச செருப்பைப் போட்டுக்கிட்டுத் தேட வந்தேன், கதவு தானா பூட்டிக்கிச்சு. திருட்டுன்னு மட்டும் எழுதாதீங்க. நான் கொடுத்ததுன்னு எழுதிக்கோங்க."

"நான் அவனைக் கூப்பிட்டே ஆகணும்மா. அதுதான் விதி."

எண் அம்மாளுக்கு மனப்பாடம். எல்லோருக்கும் கேட்கும்படி அதிகாரி போனின் ஒலிபெருக்கியைப் போட்டார். மணி நான்கைந்து முறை அடித்தபின் யாரோ எடுத்தார்கள்.

"உங்க அம்மா தூதரகத்துல இருக்காங்க. அவங்களை ஊருக்கு அனுப்பணும். உங்களால வர முடியுமா?"

மறுமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ந்த குரல், "தப்பான நம்பர். எனக்கு அம்மா இல்ல" என்றது. மறுபடி அடித்தபோது போன் அணைக்கப்பட்டிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காகவே இருந்த காகிதங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். 'கைகொடுக்க உறவினர் இல்லை' என்று அதிகாரி எழுதினார். காலையில் அந்த அம்மாள் சொன்ன பொய் இப்போது உண்மையாகிவிட்டது. இனி பணம் தரத் தடை ஒன்றும் இல்லை.

"நாளைக்கு டிக்கெட்டும், ஊர் போய்ச் சேர மட்டும் ஒரு தற்காலிகச் சீட்டும் வந்துடும்மா" என்றார். "ஆனா இது கடன்தான். அடைச்சு முடிக்கிற வரைக்கும் புது பாஸ்போர்ட் கொடுக்க மாட்டாங்க."

"இனிமே எனக்கு எதுக்கு சார் பாஸ்போர்ட்?"

அம்மாள் எழுந்தார். ஸ்வெட்டரின் கை மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கழற்றி, நீவி, மேசைமேல் வைத்தார்.

"வெளியில குளிரும்மா. போட்டுட்டுப் போங்க."

"நம்பர்தான் உங்ககிட்ட இருக்கே சார். எப்பவாவது போனை எடுத்தான்னா இதைக் கொடுத்துடுங்க. அவன்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."