பிரேமா அம்மாவைக் கேட்டு வந்தவர்

வெளியே யாரோ வருகிற சத்தம் கேட்டது. ஆனால் நடக்கிற சத்தமாக இல்லை. ஒரு கால், மறு கால் என்று விழாமல் இரண்டும் ஒன்றாகத் தொப்பென்று விழுந்தன. பிரேமகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். மழையில் கரண்டும் போய்த் திருத்தணி பஜாரே இருண்டு கிடந்த அந்தச் சாயங்காலத்தில், விளக்கு எரிந்தது அவள் வேலை பார்க்கும் இன்வெர்ட்டர் கடையில் மட்டும்தான். வாசலில் யாரும் இல்லை. மூக்கை அரிக்கும் பேட்டரி ஆசிட் நெடி, மூலையில் இன்வெர்ட்டரின் உறுமல். எதிர்க்கடையில் மூட்டை இறக்குகிறார்களாக்கும் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

முதலாளி நாகராஜன் புதிதாகப் போட்ட புரோகிராம் அது. கஸ்டமர் ஒரு கட்டம், அவருக்கு விற்கிற சரக்கு ஒரு கட்டம், விற்கிறவர் ஒரு கட்டம். மூன்றையும் கோடு இழுத்து இணைக்க வேண்டும். யாருக்குக் கோடு அதிகமோ அவருக்கே அரக்கோணம் கிளைப் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். கோடெல்லாம் தமயந்தி பெயரில்தான் போய் விழுந்தது. நேற்று வந்தவள்! இத்தனை வருஷமாக இங்கே மாரடிக்கிற பிரேமகுமாரியை, "பிரேமா அம்மா இருக்காங்களா?" என்று ஒருவராவது கேட்டதுண்டா? மலைக்கோயில் குருக்கள் வீட்டிலிருந்து தறிக்காரர்கள் வரை எல்லாருக்கும் தமயந்திதான் வேண்டும். வயிறு எரிந்தது அவளுக்கு.

இன்று தமயந்தி லீவு, முதலாளியும் கிளம்பிவிட்டார். அவளுடைய கஸ்டமர்களை ஒவ்வொருவராகப் பிய்த்துத் தன் பெயரில் ஒட்டினாள் பிரேமகுமாரி. கடைசியில் நின்றவர் அம்மையார்குப்பம் கஜபதி. ஆள் பெயர் இருந்தது, வியாபாரம் எதுவும் இல்லை. "அந்தாளு பேர்ல மட்டும் ஒண்ணும் போட்டுடாதீங்கக்கா," என்று தமயந்தி சொல்லியிருந்தாள். ஏனாம்? பெரிய ஆர்டரைப் பதுக்கி வைத்திருக்கிறாளா? கஜபதிக்குப் புது பேட்டரி ஒன்றைப் போட்டு, தன் பெயரோடு கோடு இழுத்தாள். இழுத்த கையோடுதான் வெளியே அந்தத் தொப்பென்ற சத்தம் முதலில் கேட்டிருந்தது.

பொய்யாகப் போட்டதை மெய்யாக்க அவர் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது மனைவி.

"கஜபதி சார் இருக்காருங்களா? பேட்டரி மாத்திக்கிறாரான்னு கேக்கணும்."

"அவரு செத்து ஒரு மாசம் ஆவுதும்மா. உங்க கடை தமயந்திகூட சாவுக்கு வந்து அழுதுகினு நின்னுச்சே."

தொப்.

படிக்கட்டில்.

"பிரேமா அம்மா... இருக்காங்களா?"

தாடையைச் சேர்த்துக் கட்டினாற்போல் அமுங்கிய குரல். அவள் மவுஸைப் பிடித்தாள். தன் பெயரிலிருந்து கோட்டை எடுக்கப் போனால் புரோகிராம் விடவில்லை. விற்கிறவராக யாராவது ஒருவர் பெயர் வேண்டுமாம். தமயந்தி பெயரைக் காட்டியது. ஒரு தட்டு. போதும்.

தொப்.

தட்டிவிட்டால் இவரும் தமயந்தியைத்தான் கேட்பார். இவரும்! முதல்முறையாக ஒருவர் தன் பெயரைச் சொல்லி வந்திருக்கிறார். அவளுக்கா கொடுப்பது?

மாட்டேன்.

கையை எடுத்துக்கொண்டாள்.

"ஆங்... நான்தாங்க பிரேமா. உள்ள வாங்க."

விளக்கு மங்கியது. அணையவில்லை. வாசலில் முதலில் கால்கள் தெரிந்தன. பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து, பிணத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி. அவை ஒன்றாக எழும்பி, படியைத் தாண்டி, உள்ளே விழுந்தன. நெற்றியில் ஒட்டிய காசு நனைந்து மின்ன, அவள் எதிரே இருந்த நாற்காலியில் கஜபதி உட்கார்ந்தார்.