தாய் மெஷினுக்கு ஒரு பொட்டு

செஞ்சியின் வரலாற்றில் கோட்டைக்கு அடுத்தபடியாக நிலைத்து நிற்கப்போவது இதுதான் என்று அறக்கட்டளையின் இயக்குநர் பீமாராவ் பித்தளைப் பலகையில் பொறிக்க வைத்திருந்தார்: கல்லூரி, மருத்துவமனை, கிராமக் கிளைகள் அனைத்திலும் நானூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரே முகம், ஒரே ஒழுங்கு, ஒரே மையம். திறப்பு விழாவன்று அந்த நானூற்றுப் பன்னிரண்டு மேசைகளில் ஒருவராலும் தமிழில் ஒரு வரி அடிக்க முடியவில்லை. பலகையில் அதற்கு இடம் போதவில்லை.

மையம் என்பது ராஜகிரி மலையைப் பார்த்த ஜன்னலுள்ள ஓர் அறை. அங்கே இருந்தது தாய் மெஷின். அதில் எதை ஏற்றினாலும் மறுநாள் மற்ற எல்லாவற்றிலும் அதுவே இருக்கும். அதைப் பார்த்துக்கொள்பவன் சேசுராஜ். வருகைப்பதிவுக்காக ஒவ்வொரு மேசையின் கேமராவும் அவனுடைய சுவர்த்திரையில் ஒரு சிறு கட்டமாக ஓடும். சீயமங்கலம் கிளையில் வேலை பார்க்கும் அவன் மனைவி எலிசபெத், "எங்க மெஷின மட்டும் விட்டுடுங்களேன், பழசே நல்லா இருக்குது" என்று கெஞ்சினாள்.

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்" என்று சேசுராஜ் தானே போய் அவள் மெஷினையும் திட்டத்தில் சேர்த்துவிட்டு வந்தான்.

ஆயுத பூஜைக்கு ஊழியர்கள் சந்தனம் கேட்டபோது பீமாராவ் சிரித்தார். "இன்னாத்துக்கு நானூறு பொட்டு? தாய்க்கு ஒண்ணு வைங்க. மத்ததெல்லாம் அதுவே எடுத்துக்கும்."

விடுமுறை முடிந்த காலையில் எலிசபெத் போன் செய்தாள். "இன்னாங்க, ரூமு பூட்டித்தான இருந்துச்சி? என் மெஷின்ல எவன் சந்தனம் வெச்சான்? ஈரமா இருக்குது. தொடைச்சாலும் வருது."

தளவானூர் கிளையிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் அதே பேச்சு வந்தது. ஏசி குளிரில், மெஷின் விசிறிகளின் ஓயாத முனகலுக்கு நடுவே, வாடிய சாமந்தியும் நமுத்த பொரியும் சந்தனமும் கலந்து ஏதோ மூடிய வாயிலிருந்து வருவதுபோல வந்த வாடையை முகர்ந்தபடி சேசுராஜ் தாய் மெஷினைப் பார்த்தான். பொட்டு காயவே இல்லை.

பீமாராவ் வந்தார். கைக்குட்டையால் அதை ஒரே இழுப்பில் துடைத்தார்.

"போயிடுச்சுங்க" என்றாள் எலிசபெத் போனில்.

"பாத்தியாடா நிர்வாகத்த!" பீமாராவ் தாய் மெஷின் முன் உட்கார்ந்து பிடரியைச் சொறிந்தார்.

சுவரில் நானூற்றுப் பன்னிரண்டு கைகள் பிடரிக்குப் போயின.

சேசுராஜ் திரையிலிருந்து திரும்பினான். "சார், எழுந்திருங்க சார்."

"சும்மா இருடா. இத்தினி வருசத்துல சொன்ன பேச்ச ஒருத்தன் கேட்டிருப்பானா?" பூஜைத் தட்டிலிருந்து பொரிகடலையை அள்ளி வாயில் போட்டார். நானூற்றுப் பன்னிரண்டு வெறும் வாய்கள் மென்றன. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கடலை தொண்டையில் சிக்கி, சிரிப்பு பாதியில் நின்றது.

கண்கள் பிதுங்கின. எல்லாக் கட்டங்களிலும்.

சேசுராஜ் அவர் முதுகில் ஓங்கிக் குத்தினான். சீயமங்கலத்தில் எலிசபெத் குலுங்கினாள். மறுபடியும் குத்தினான். மறுபடியும் குலுங்கினாள். தாய் மெஷினின் வயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. கரண்ட் போனாலும் பேட்டரியில் நாலு மணி நேரம் ஓடும். அவன் செய்த ஏற்பாடு. அவரை நாற்காலியோடு இழுத்தான். கனம்.

எலிசபெத் கேமராவைப் பார்த்தாள். அவனையே.

பிறகு எல்லாத் தலைகளும் ஒன்றாகக் கீபோர்டில் விழுந்தன. ஒரே சாய்வு. ஒரே பக்கம் தொங்கிய நாக்கு.

திரையின் அடியில் பச்சை எழுத்து: வருகை 412. பிழை இல்லை.

சேசுராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய கம்ப்யூட்டரை அவன் திட்டத்தில் சேர்க்கவே இல்லை. அதில் சீட்டாட்டம் இருந்தது.