நாலாம் கட்டிலுக்கு வந்த துணை

நாலாம் கட்டிலருகே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் காலையிலிருந்து யாருமே உட்காரவில்லை. ஆனாலும் அது நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறதோ என்று ரோவெனா அண்ணாந்து பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. இலோய்லோ நகரில் விடியலிலிருந்து கொட்டிய மழை ஜன்னல் தகரத்தில் தடதடக்க, பினாயில் வாடையையும் மீறி எங்கிருந்தோ ஆற்றுச் சேறு நாறியது.

அவசரப் பிரிவு முழுக்க நர்ஸ் என்று அவள் ஒருத்திதான். கட்டிலில் கிடந்த கிழவர் இலுமினாடோவுக்கு நினைவு தப்பித் தப்பி வரும்; இப்போது ரத்தத்தில் கிருமி ஏறிய காய்ச்சல் வேறு. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். மருந்து இறங்காவிட்டால் பிழைக்கமாட்டார். கையைக் கட்டிப் போடச் சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அவருக்குச் சொல்வது சுலபம்.

"கட்டாதம்மா, நான் என்ன திருடனா?" கிழவர் குழந்தை மாதிரி அழுதார். "பாசிங் எங்க? என் பொண்டாட்டி வராம ஊசி போட்டுக்க மாட்டேன்."

பாசிங் எப்போதோ வெள்ளத்தில் மூழ்கிச் செத்தவள். மருந்து வாங்க வெளியே போகும்முன் அவர் மகள் டெலியா சொல்லியிருந்தாள்.

"வந்துகிட்டே இருக்காங்க தாத்தா," என்றாள் ரோவெனா. "நான்தான் வரச்சொன்னேன். வந்து உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

கிழவர் சிரித்து வலது கையை நீட்டினார். பொய் உறுத்தியது, ஆனால் மருந்து இறங்கியது. அவர் கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல சேற்று நாற்றம் கூடிக்கொண்டே வந்தது.

வாசலில் டெலியாவைக் காவலாளி மறிக்கும் குரல் கேட்டது. "ஒரு நோயாளிக்கு ஒரு துணைதாம்மா. நாலாம் கட்டிலுக்கு உங்கம்மா அப்பவே உள்ள போயாச்சு. சொட்டச் சொட்ட நனஞ்சு வந்தாங்க, பாவம்."

ரோவெனா கட்டில் பக்கம் திரும்பினாள்.

கிழவரின் கண்கள் தெளிந்திருந்தன. அன்றைக்கு முதல் தடவையாக.

"பாசிங் செத்துட்டாளேம்மா. நான்தான் குழியில எறக்குனேன்." அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ யார வரச்சொன்ன?"

கட்டிலின் வலப்பக்கத் திரை அசைந்தது. காற்றே இல்லை.

"வீட்டுக்குப் போலாங்கிறா. என் கையக் கட்டிடும்மா. கெட்டியாக் கட்டு!"

துணிப்பட்டையை எடுத்தாள். இடது கை. கட்டில் கம்பியோடு சேர்த்து ஒரு முடிச்சு. இன்னொன்று. வலது கையைத் தேடினாள்.

அது கட்டிலில் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் நீண்டிருந்தது.

திரையை விலக்கினாள். நகமெல்லாம் சேறு அப்பிய விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. ஊசியை மெதுவாக, அவருக்கு வலிக்காமல், உருவிக்கொண்டிருந்தன.