வாயை மூடாத கார்

லுயாண்டோவின் அப்பா டாக்சி ஓட்டுவதற்காக ஜப்பானிலிருந்து வந்த ஒரு பழைய காரை வாங்கினார். லிவிங்ஸ்டன் ஊரில் பாதி டாக்சிகள் அப்படி வந்தவைதான். நல்ல கார். ஆனால் பேசும்.

சாவியைத் திருப்பினால் போதும். "காதோ கா..." என்று ஒரு பெண் குரல் ஆரம்பித்து, "...இமாசென்!" என்று கணீரென்று முடிக்கும்.

"இந்தம்மாவுக்கு என்னதான் வேணுமாம்?" என்று அப்பா தினமும் ஸ்டியரிங்கைத் தட்டுவார்.

நமாகாவு டீச்சர் தன் நாலு மாதக் குழந்தையோடு தினமும் அந்தக் காரில்தான் பள்ளிக்குப் போவார். குரல் வந்ததும் குழந்தை வீல் என்று அலறும்.

திங்கட்கிழமை டீச்சர் சொல்லிவிட்டார். "கோவிச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வேற வண்டி பாத்துக்குறேன்."

"ஸ்பீக்கரையே பிடுங்கிப் போடறேன்!" என்று அப்பா ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

"வேணாம்ப்பா! ரேடியோவும் போயிடும். அது என்ன சொல்லுதுன்னு நான் கேட்டுச் சொல்றேன்," என்றாள் பதினொரு வயது லுயாண்டோ.

அம்மாவின் போனில், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜப்பானிய மொழி படிப்பவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தாள். குரலைப் பதிவு செய்து போட்டாள். "எங்க கார் என்ன சொல்லுது?"

பிரேசிலிலிருந்து ஹெய்த்தோர் என்பவர் எழுதினார். "முதல்ல எழுத்துகளைப் படி. எந்தப் புத்தகம் வச்சிருக்க?"

போலந்திலிருந்து யுஸ்தினா குதித்தாள். "புத்தகமா? புத்தகத்துல யாராவது மொழி கத்துப்பாங்களா? காதால கேக்கணும்!"

"அஞ்சு வருஷமா கேட்டு நீங்க என்ன கிழிச்சீங்க?" என்று ஹெய்த்தோர் திருப்பிக் கேட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அறுபத்தோரு செய்திகள். காரைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

"ஐயோ!" லுயாண்டோ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

புதன்கிழமைதான் ஹெய்த்தோருக்குக் கார் ஞாபகம் வந்தது. "கார்டு போடலைன்னு சொல்லுது."

அதைக் கேட்டதும் அப்பா தன் அடையாள அட்டையை காரின் முன்பக்கத்தில் இருந்த ஒரு இடுக்கில் செருகினார். அது பாதியில் மாட்டிக்கொண்டது. "இமாசென்!" என்றது கார்.

அட்டையை வெளியே எடுக்க அம்மா புருவ முடி பிடுங்கும் சாமணம் தேவைப்பட்டது.

"அது ஜப்பான் ரோட்டுல சுங்கம் கட்டுற கார்டு. உங்க ஊர்ல வேலைக்கு ஆகாது," என்று யுஸ்தினா அப்புறம் எழுதினாள். "இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்று ஹெய்த்தோர் பதில் போட்டார். மறுபடியும் சண்டை.

லுயாண்டோவுக்குப் பொறுமை போய்விட்டது. நிதானமாக ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டினாள்.

"இந்தக் கார்ல நாலு மாசப் பாப்பா ஒண்ணு தினமும் போகுது. குரலைக் கேட்டா பயந்து அழுது. நீங்க நாளைக்குச் சண்டை போடுங்க. இன்னைக்கு, கார் திரையில தேடுறதுக்கு 'சத்தம்'ங்கிற ஜப்பான் எழுத்து எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"சாரி," என்றார் ஹெய்த்தோர். "பெட்டி மேல ஒருத்தன் நிக்கிற மாதிரி இருக்கும்." எழுத்தை வரைந்தும் அனுப்பினார்.

"பெட்டிக்கு நடுவுல ஒரு கோடு," என்று சேர்த்தாள் யுஸ்தினா. "பாப்பா பேரு என்ன?"

லுயாண்டோ அந்த எழுத்தை நோட்டில் இருபது தடவை எழுதினாள். மறுநாள் காரில் உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். ஏதேதோ திறந்தது. ஒரு தடவை வரைபடம் தலைகீழானது.

"எதையாவது கெடுத்துடாதடி!" என்றார் அப்பா.

"கொஞ்சம் சும்மா இருங்கப்பா!"

ஏழாவது பக்கத்தில், பெட்டி மேல் நின்றுகொண்டிருந்தான் அவன்! பக்கத்திலிருந்த கோட்டை விரலால் பூஜ்யத்துக்கு இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. வேறு சத்தமே இல்லை. டீச்சரின் மடியில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கியது.

"வண்டி கெட்டுப் போச்சா?" என்று டீச்சர் ரகசியமாகக் கேட்டார்.

"இல்லைங்க. எம்பொண்ணு அதுக்கு மரியாதை கத்துக் குடுத்துட்டா," என்று அப்பாவும் ரகசியமாகச் சொன்னார்.

சனிக்கிழமை வீட்டு வாசலில் ஆறு டாக்சிகள் வரிசையாக நின்றன. "எங்க வண்டியிலயும் அந்தம்மா இருக்காங்கம்மா," என்றார்கள் டிரைவர்கள்.

லுயாண்டோ நோட்டோடு முதல் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

அதில் பேசியது ஓர் ஆண் குரல். வேறு என்னவோ சொன்னது.

லுயாண்டோ பெருமூச்சு விட்டாள். பிறகு, "அம்மா, போன்!" என்று கத்தினாள்.