மீட்பு முகவரி

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மெயிலை அவள் இன்னும் தொடவே இல்லை. ஆனாலும் அதன் தடித்த எழுத்துகள் மெலிந்து கிடந்தன. யாரோ ஏற்கெனவே திறந்து படித்திருக்கிறார்கள்.

"மறுபடியுமா! சனியன்," என்று பல்லைக் கடித்தாள்.

வெளியே பொழுது சாய்ந்து மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாடகை வீட்டின் புதுச் சுண்ணாம்பு வாசனையோடு காயாத துணிகளின் வாடையும் சேர்ந்து அறை முழுவதும் கனத்தது. மகள் கட்டிலில் குப்புறப் படுத்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"பாப்பா, சைக்கிளை உள்ள எடுத்து வைன்னு எத்தனை தடவை சொல்றது? நனையுது பாரு."

"மழை விடட்டும்மா."

"கதவத் தாழ் போட்டியா?"

"சாத்திட்டேன்."

இந்த ஊருக்கு வந்தது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. "நீ எந்தப் பொந்துல ஒளிஞ்சாலும் வந்து நிப்பேன்" என்று சொன்ன புருஷன், சொன்னதைச் செய்கிறவன். குழந்தையின் பள்ளிக்காகத்தான் இந்த இலவச மெயிலையே அவள் வைத்திருந்தாள். மெயில் கம்பெனியிடம் எதையாவது கேட்டால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இயந்திரம்தான் பதில் போடும். செவிடன் காதில் ஊதின சங்கு. அவளும் வாரத்துக்கு வாரம் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்துவிட்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"திரும்பவும் மாத்துடி."

"மாத்தி மாத்தி எனக்கே மறந்துபோகுதுக்கா! எப்படித்தான் உள்ள வர்றாங்களோ!"

"சரி, கத்தாத. மாத்தினதும் உனக்குத் தகவல் வருமே, அது எங்க வருது?"

அப்படி ஒன்று அவளுக்கு வந்ததே இல்லை.

பாதுகாப்புப் பக்கத்தைத் தேடித் திறந்தாள். 'மீட்பு முகவரி' என்ற இடத்தில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிந்தன, நடுவில் நட்சத்திரங்கள். அதுவே போதுமாக இருந்தது. கல்யாணமான புதிதில் அவளும் அவனும் சேர்ந்து தொடங்கிய முகவரி. ஒருவர் வரைவில் "பால் வாங்கு" என்று எழுதி வைப்பார், மற்றவர் படித்துவிட்டு அழிப்பார். அனுப்புகிற வேலையே இல்லை. புதுக் கணக்குத் தொடங்கும்போது வேறு முகவரி கைவசம் இல்லாமல் அவசரத்தில் அதையே கொடுத்திருக்கிறாள்.

பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழையும் ரகசிய எண் அங்கேதான் போகும். அவள் மாற்றும் ஒவ்வொரு முறையும் எந்த ஊரிலிருந்து, எந்தப் பகுதியிலிருந்து மாற்றினாள் என்ற தகவலும் அங்கேதான் போயிருக்கும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவள் இலவசமாகவே வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி," என்று தன்னையே திட்டியபடி 'நீக்கு' என்பதை அழுத்தினாள்.

'இந்த மாற்றம் சில நாட்களில் நடைமுறைக்கு வரும். மீட்பு முகவரிக்குத் தெரிவித்துவிட்டோம்.'

"தெரிவிச்சுட்டியா? அவனுக்கேவா?" அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மேசையை ஓங்கிக் குத்தினாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அக்கா போனில்.

திரையின் ஓரத்தில் 'வரைவுகள்' என்பதன் பக்கத்தில் ஒன்று என்ற எண் முளைத்திருந்தது. அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை. திறந்தாள்.

'சைக்கிள் நனையுது.'

கூரையில் மழை. வேறு சத்தம் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி வந்தது.

'நீ இரு. நானே எடுத்து வைக்கிறேன்.'

எழுந்தாள். மகளின் வாயைப் பொத்தி அணைத்துக்கொண்டாள். அறைக்கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கூடத்தின் நடுவில் சைக்கிள் நின்றது. நீர் சொட்டியது. பின்சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்கு அப்பால், மகள் வெறுமனே சாத்திவிட்டு வந்த வாசற்கதவு. உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.